மவுண்ட் முதலில், குழாய் பிறகு: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொலைநோக்கிக்கு எந்த மவுண்ட் (குழாயைத் தாங்கித் திருப்பும் நிலை) பொருந்தும் என்பதையே கேட்டிருப்பதால், மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன். எழுதியவர்கள் அனைவரும் நீலகிரியிலோ பழனி மலையிலோ இருப்பவர்கள்; ஆகவே கணக்குகளை 10, 11 பாகை அட்சரேகைக்கே சொல்கிறேன். கீழே வரும் ஈக்யூ வகைகள் ஈக்வடோரியல் மவுண்டுகள்: அவற்றின் துருவ அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவைத்தால், அந்த ஒரே அச்சில் சுழன்று வான்பொருளைப் பின்தொடரும்.

கேள்வி: 8 அங்குல எஃப்/5 நியூட்டோனியன் (குழிஆடியால் ஒளியைக் குவிக்கும்) குழாய் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. என்னிடம் ஈக்யூ3 மவுண்ட் உள்ளது. வாங்கலாமா? (கோத்தகிரி)

பதில்: வேண்டாம். குழாய் ஏறத்தாழ 9 கிலோ. உங்கள் மவுண்ட் நிம்மதியாகச் சுமப்பது 5 கிலோ.

கேள்வி: நல்ல தொலைநோக்கி ஒன்றும் அதற்கேற்ற மவுண்டும் சொல்லவும். (குன்னூர்)

பதில்: எதைப் பார்க்கப் போகிறீர்கள், கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வீர்களா, படமும் எடுப்பீர்களா, எவ்வளவு செலவழிக்க இயலும், கருவியை மாடிக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருக்குமா என்பவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. இவை தெரியாமல் கருவியின் பெயரைச் சொல்ல யாராலும் முடியாது. சொல்பவர் இருந்தால் அவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். விவரங்களோடு மறுபடி எழுதுங்கள். அதுவரை ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒதுக்கும் தொகையில் பாதி மவுண்டுக்குப் போக வேண்டும்.

கேள்வி: 80 மி.மீ. ஈடி (நிறப்பிசிறைக் குறைக்கும் வில்லையுள்ள) தொலைநோக்கியை ஈக்யூ5 மவுண்டில் வைத்து நெபுலாக்களைப் படமெடுக்க விரும்புகிறேன். பின்னால் 6 அங்குல நியூட்டோனியனையும் அதிலேயே வைக்கலாமா? சுமைத்திறன் 9 கிலோ என்று போட்டிருக்கிறதே. (வெலிங்டன்)

பதில்: பெட்டியில் அச்சிட்டிருக்கும் சுமைத்திறன் கண்ணால் பார்ப்பதற்கானது. படமெடுப்பதற்கு அதில் பாதியைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும் என்று முன்பும் எழுதியிருக்கிறேன். உங்கள் 80 மி.மீ. குழாய், வளையங்கள், கேமரா, வழிகாட்டும் சிறு குழாய் எல்லாம் சேர்ந்து 5 கிலோவுக்குள் அடங்கிவிடும். அது எல்லைக்கோடு, ஆனாலும் நடக்கும். 6 அங்குலக் குழாயை ஏற்றினால் மொத்தம் 7 கிலோவைத் தாண்டும். குழாயும் நீளமானது, காற்றையும் வாங்கும். அதற்கு இன்னும் கனம் தாங்கும் ஹெச்ஈக்யூ5 வகை மவுண்ட் வேண்டும். குழாயைச் சமன்செய்ய மறுபுறம் பூட்டும் எதிர் எடை சுமைத்திறன் கணக்கில் சேராது. அதையும் கூட்டிப் பார்த்துப் பயந்து எழுதியவர்கள் இருவர். விளம்பரத்தில் உள்ள எடையை நம்பாமல், எல்லாவற்றையும் பூட்டிய பிறகு குழாயைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பழைய ஈக்யூ5 மவுண்ட் ஒன்று வாங்கினேன். எதிர் எடை முக்காலியின் காலில் இடிக்கிறது. துருவ நட்சத்திரமும் என் வீட்டிலிருந்து தெரிவதில்லை. மவுண்ட் பழுதா? (கொடைக்கானல்)

பதில்: பழுதில்லை. உங்களுக்கு விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நம் ஊரில் ஈக்வடோரியல் மவுண்ட் விற்பவர்கள் வாங்குபவரின் அட்சரேகையைக் கேட்பதே இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. இந்த மவுண்டுகளின் வடிவமைப்பு 30 முதல் 60 பாகை வரையிலான அட்சரேகையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. 50 பாகையில் துருவ அச்சு நன்கு நிமிர்ந்து நிற்கும். எதிர் எடை கால்களுக்கு வெளியே சுழலும். கொடைக்கானலில் அச்சு ஏறக்குறையக் கிடைமட்டமாகப் படுத்துவிடுகிறது. அப்போது மவுண்டின் தலையும் குழாயும் வடக்கே பிதுங்கி நிற்கும். கவிழாமலிருக்க ஒரு காலை வடக்கே நிறுத்தியாக வேண்டும். குழாய் கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக நோக்கும்போது எதிர் எடைத் தண்டு நேராக அந்தக் காலின் மேலேயே இறங்கும். சில மவுண்டுகளில் சாய்வுக்கான திருகு 10 பாகை வரை இறங்குவதே இல்லை. வாங்கும் முன் குறைந்தபட்ச அட்சரேகை என்ன என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

கையில் இருப்பதைச் சரிசெய்ய வழி உண்டு. முக்காலிக்கும் தலைக்கும் இடையே ஓர் அடி உயரமுள்ள நீட்டுத் தூண் பொருத்தினால் இடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும். அல்லது தண்டின் நுனியில் இருக்கும் எடையை எடுத்துவிட்டு, கூடுதல் கனமுள்ள எடையை மேலே, அச்சுக்கு அருகில் பூட்டுங்கள். சாய்வை மாற்றும்போது, சுமை ஏறிய நிலையில் திருகை முறுக்காதீர்கள். குழாயை இறக்கிவிட்டு, தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மற்ற கையால் திருக வேண்டும். இல்லாவிட்டால் திருகு வளையும்.

துருவ நட்சத்திரம் உங்களுக்கு அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில்தான் நிற்கும். மரமோ மேடோ மறைக்காத இடத்திலும், வடக்கே பழனிச் சமவெளியின் வெளிச்சமும் புழுதியும் அதை விழுங்கிவிடும். அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். முக்காலியை மட்டப்படுத்தி, அச்சின் சாய்வைக் கோணமானியால் 10.2 பாகைக்கு வைத்து, வடக்கைத் திசைகாட்டியால் குறியுங்கள். நம் பகுதியில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து 1, 2 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆனால் இரும்பு முக்காலியின் அருகில் திசைகாட்டியை வைக்கக் கூடாது.

அடுத்தது நகர்வைப் பார்த்துத் திருத்துவது. மோட்டாரை ஓடவிட்டு, தலைக்கு மேல் வடக்கு-தெற்காகச் செல்லும் நடுக்கோட்டருகே, வான நடுவரையை (பூமியின் நடுவரைக்கு நேர்மேலே வானில் ஓடும் கோட்டை) ஒட்டியுள்ள நட்சத்திரம் ஒன்றைக் குறுக்குக்கம்பி ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) நிறுத்துங்கள். வேட்டைக்காரன் (ஒரையன்) விண்மீன் குழுவின் இடைக்கச்சையில் முதலில் உதிக்கும் நட்சத்திரம் இதற்கு மிகப் பொருத்தம். அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. வடக்கே நகர்ந்தால் மேற்கே. பிறகு கிழக்கு வானில் தாழ்வாக உள்ள நட்சத்திரத்துக்கு மாறுங்கள். தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு நகர்வு தென்படாவிட்டால் போதும்.

அட்சரேகையை மதித்து வேலை செய்வது எப்படி என்று காண விரும்புவோர் உதகையை அடுத்த முத்தோரைக்குப் போய்ப் பார்க்கலாம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் முடிக்கப்பட்ட ரேடியோ தொலைநோக்கி அங்கே 530 மீட்டர் நீளத்துக்கு வடக்கு-தெற்காகக் கிடக்கிறது. ஏறத்தாழ 11 பாகை சரிந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேல் கட்டியதால், அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழன்றபடி ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் அதனால் பின்தொடர முடிகிறது. அட்சரேகையைக் கேட்டுத் தொடங்கிய வேலை அது. 5 கிலோ குழாயை வாங்குபவருக்கு அதே கேள்வியைக் கேட்கக் கடைக்காரருக்கு ஒரு நிமிடம் ஆகாது.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு 8 அங்குல டாப்சோனியன் (அடிப்பெட்டியின் மேல் கையால் திருப்பும் நியூட்டோனியன்) வாங்குவதா, கணினியால் இயங்கும் 5 அங்குல மாக்சுடோவ் (வில்லையும் ஆடியும் சேர்ந்த குட்டைக் குழாய்) வாங்குவதா? (உதகை)

பதில்: டாப்சோனியன், ஐயா. 5 அங்குலத்தைவிட இரண்டரை மடங்கு ஒளியைச் சேர்க்கும். துருவச் சீரமைப்பும் பேட்டரியும் வேண்டாம். குழாயும் அடிப்பெட்டியும் சேர்ந்து 25 கிலோ; இரண்டாகப் பிரித்துத் தூக்கலாம். 25 மி.மீ. ஐபீஸில் சுமார் 50 மடங்கு கிடைக்கும். பொருள் பார்வைப் புலத்தைக் கடக்க நான்கு நிமிடம் ஆகும் என்பதால், ஒருமுறை நிறுத்தினால் நாலைந்து மாணவர்கள் பார்த்துவிடலாம். 200 மடங்குக்குப் போனால் ஒரு நிமிடம்தான். உச்சி வானத்தில் மட்டும் இது திணறும். மகம் நட்சத்திரமும் கடக ராசியில் உள்ள எம்67 நட்சத்திரக் கொத்தும் உதகையில் ஏறக்குறையத் தலைக்கு நேர்மேலே கடக்கின்றன. அப்போது சிறு நகர்வுக்கும் அடிப்பெட்டியைப் பெரிதாகச் சுற்ற நேரும். அவற்றை ஒரு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ காட்டுங்கள்.

கேள்வி: காற்றில் படம் ஆடுகிறது. (மன்னவனூர்)

பதில்: என்ன குழாய், என்ன மவுண்ட் என்று எழுதாவிட்டால் எப்படிச் சொல்வது? பொதுவாக: கால்களை நீட்டாதீர்கள், நடுத்தட்டில் கனத்தைத் தொங்கவிடுங்கள், ஈர மண்ணில் காலுக்கடியில் பலகைத் துண்டு வையுங்கள். குழாயை விரலால் தட்டிப் பாருங்கள். அதிர்வு இரண்டு விநாடியில் அடங்கினால் நல்லது, ஐந்து விநாடி நீடித்தால் மவுண்ட் போதாது.

கேள்வி: ஜனவரியில் மவுண்ட் இறுகிக்கொள்கிறது, கைத்திருகு சுழல மறுக்கிறது. (உதகை)

பதில்: மலிவான மவுண்டில் இடும் கெட்டியான கிரீஸ் உறைபனிக் குளிரில் இறுகும். கழற்றித் துடைத்து, குளிர் தாங்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். பேட்டரியின் திறனும் குளிரில் குறையும். அதைத் துணியில் சுற்றி வையுங்கள்.

கேள்வி: 70 மி.மீ. தொலைநோக்கியில் சூரியப் புள்ளிகளைப் பார்க்க எந்த மவுண்ட் வேண்டும்? (கொடைக்கானல், மாணவர்)

பதில்: மெல்லசைவுத் திருகுள்ள சாதாரண ஆல்ட்-அசிமுத் (மேலும் கீழுமாக, இடமும் வலமுமாகத் திரும்பும்) மவுண்ட் போதும், தம்பி. மவுண்டைவிட முக்கியமானது வடிகட்டி. குழாயின் முன்வாயை முழுவதும் மூடும் சூரிய வடிகட்டி இல்லாமல் ஒரு கணமும் பார்க்கக் கூடாது. ஐபீஸில் திருகும் சிறு கண்ணாடி வடிகட்டி சூட்டில் வெடிக்கும், அதைத் தூக்கி எறி. தேடுகுழாயையும் கழற்றிவிடு. குழாயின் நிழல் தரையில் மிகச் சிறிதாக விழும்வரை நகர்த்தினால் சூரியன் தானே புலத்துக்குள் வந்துவிடும். உன் ஊரின் ஆய்வகத்தில் 1901 முதல் சூரியனைக் கவனித்துவருகிறார்கள். பார்வையாளர் நேரத்தில் சென்று, நீ வரைந்த புள்ளிகளை அவர்களிடம் காட்டி ஒப்பிட்டுப் பார்.