மூக்கை உறிஞ்சினால் கொகைன் பழக்கமா?

கேள்வி: சென்னையில் வீட்டு உள்ளலங்கார நிறுவனம் நடத்துகிறேன். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். விற்பனைப் பிரிவில் ஆறு வருடமாக இருக்கும் 31 வயது இளைஞர்தான் எங்களிடம் இருப்பவர்களிலேயே கெட்டிக்காரர். நான்கு மாதமாக ஆளே மாறிவிட்டார். திங்கட்கிழமைகளில் வருவதில்லை. வந்த நாட்களில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறார், அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறார், காலையில் படபடவென்று பேசுகிறார், பிற்பகலில் எரிந்து விழுகிறார். மூன்று முறை சம்பள முன்பணம் வாங்கிவிட்டார். அவருக்குக் கொகைன் பழக்கம் இருப்பதாக உடன் வேலை செய்யும் ஒருவர் காதில் போட்டார். ஊழியர்கள் அனைவருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்து தருவதாக ஒரு முகவர் வந்திருக்கிறார். தேவைப்பட்டால் மறுவாழ்வு மையத்திலும் அவரே சேர்த்துவிடுவாராம். செய்யலாமா? கொகைன்தான் என்பதை எப்படி உறுதிசெய்வது?

பதில்: முதலில் அந்த முகவரைத் திருப்பி அனுப்புங்கள். மற்றதை அதன் பிறகு பேசலாம்.

போதை நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கி எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கெட்ட எண்ணம் கொண்ட முதலாளிகளால் சீரழிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நல்ல எண்ணத்தோடு இப்படிப்பட்ட முகவர்களிடம் ஊழியரை ஒப்படைத்த முதலாளிகளால் சீரழிந்தவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஆள் உங்களிடம் இரண்டு பொருட்களை விற்க வந்திருக்கிறார். ஒன்று பயத்தை உறுதிசெய்யும் சிறுநீர்ச் சோதனைப் பட்டை, மற்றொன்று பயத்தைத் தீர்க்கும் மறுவாழ்வு மையக் கட்டில். இரண்டிலும் அவருக்குத் தரகு உண்டு.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பவை கொகைனோடு ஒத்துப்போகக்கூடியவைதான். மூக்கில் உறிஞ்சிய சில நிமிடங்களில் அது தலைக்கு ஏறும். அரை மணி, மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். சாராயத்தைப் போல வாடை அடிக்காது, கஞ்சாவைப் போலக் கண் சிவக்காது. ஏறும்போது கண்ணின் கருமணி விரியும், பேச்சு ஓடும், பசி தெரியாது. இறங்கும்போது சோர்வும் எரிச்சலும் வந்து உட்காரும். அதனால்தான் பழக்கம் முற்றியவர் மறுபடி மறுபடி தனியிடம் தேடுகிறார். வார இறுதியில் விடிய விடிய பயன்படுத்தியவர் திங்கட்கிழமை எழுந்திருக்கவே மாட்டார். கொகைன் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். மூக்கின் நடுச்சுவருக்கு ரத்தம் போகாமல் புண்ணாகி, நாளடைவில் ஓட்டைகூட விழும். மூக்கொழுகுவதும் அவ்வப்போது ரத்தம் வருவதும் இதனால்தான்.

ஆனால் இதே அடையாளங்கள் வேறு பல நோய்களுக்கும் பொருந்தும். சில வருடங்களுக்கு முன் ஒரு கணக்காளரை அவருடைய முதலாளியே என்னிடம் அழைத்துவந்தார். எடை எட்டு கிலோ குறைந்திருந்தது, தூக்கம் இல்லை, ஓயாத பேச்சு, எதற்கெடுத்தாலும் கோபம். ‘ஏதோ பவுடர் போடுகிறான் டாக்டர்’ என்றார் முதலாளி. நான் அந்தக் கணக்காளரைக் கைகளை நீட்டச் சொன்னேன். விரித்த விரல்கள்மேல் மேசையில் கிடந்த மருந்துச்சீட்டுத் தாள் ஒன்றை வைத்தேன். தாளின் ஓரம் சிட்டுக்குருவியின் இறகுபோல விடாமல் நடுங்கியது. கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். தைராய்டு சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்துகொண்டிருந்தது. மாத்திரையில் சரியாகிவிட்டார். ஆனால் அதற்குள் அலுவலகம் முழுவதும் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டது. அவர் அந்த வேலைக்குத் திரும்பிப் போகவே இல்லை.

மூக்கு ஒவ்வாமை, மனம் பொங்குவதும் ஒடுங்குவதும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயின் எழுச்சிக் கட்டம், சர்க்கரை நோய் (அடிக்கடி கழிப்பறைக்குப் போவதற்கு அதைவிட எளிய காரணம் உண்டா?), இணையச் சூதாட்டக் கடன் என்று எதுவாகவும் இருக்கலாம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்களில் கொகைன் பயன்படுத்துவோர் 0.10 சதவீதம், அதாவது ஆயிரத்தில் ஒருவர். மது அருந்துவோர் 14.6 சதவீதம், ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். பணம் புழங்கும் விருந்து வட்டங்களில் கொகைன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் நாற்பது பேரில் யாராவது ஒருவர் போதையால் அழிந்துகொண்டிருந்தால், அது பெரும்பாலும் தெருமுனையில் விற்கும் பாட்டிலால்தான் இருக்கும். அதைப் பற்றி எந்த முதலாளியும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

அந்தச் சிறுநீர்ப் பட்டை உண்மையைச் சொல்லிவிடாதா என்று கேட்பீர்கள். கொகைன் உடலில் உடைந்து உண்டாகும் பொருளைத்தான் அது தேடுகிறது. எப்போதாவது பயன்படுத்துபவரின் சிறுநீரில் அது இரண்டு முதல் நான்கு நாட்கள் வரை தெரியும். சனிக்கிழமை இரவு பயன்படுத்தியவரை வெள்ளிக்கிழமை சோதித்தால் சுத்தமாக வருவார். உங்கள் முகவர் சான்றிதழ் கொடுப்பார், நீங்கள் நிம்மதியடைவீர்கள், நோய் வளரும். கொகைன் உண்டு என்று வந்தாலும்கூட அது ஒரு முறை பயன்படுத்தியதைக் காட்டுமே தவிர, அடிமையாகிவிட்டார் என்று காட்டாது.

இன்னொன்றை விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் அப்பாவிகள் மாட்டுகிறார்கள். இந்த முகவர்கள் கொகைனுக்கு மட்டும் பட்டை விற்பதில்லை. ஐந்தாறு போதைப்பொருட்களை ஒரே அட்டையில் பார்ப்பதாகச் சொல்லி விற்பார்கள். அதில் ஒரு கோடு அபின் வகைக்கு. நம் வீட்டுக் குருமாவில் தேங்காயோடு சேர்த்து அரைக்கிறோமே கசகசா, அது அபின் செடியின் விதை. நன்றாகக் கழுவாத கசகசாவில் மார்ஃபின் ஒட்டிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பரோட்டாவும் குருமாவும் சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை உங்கள் அலுவலகத்தில் குப்பியை நிரப்பிக் கொடுக்கும் வரவேற்பாளர் பெண் ‘அபின் பயன்படுத்துபவர்’ ஆகிவிடலாம். கட்டுக்கதை அல்ல. இந்தத் தொல்லைக்காகவே அமெரிக்க அரசு 1998-இல் தன் ஊழியர் பரிசோதனையில் இந்த வகை ‘உண்டு’ என்று சொல்வதற்கான எல்லையை ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-ஆக உயர்த்தியது. இங்கே விற்கும் மலிவான பட்டைகள் பலவற்றில் இன்னும் அதே 300தான். பெட்டியின்மேல் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும், வாங்குபவர் படிப்பதில்லை. கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவருக்கும் இதே கதி. பல் மருத்துவர் போட்ட மரப்பு ஊசியால் பட்டை கொகைன் உண்டு என்று காட்டிவிட்டது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். லிடோகைன் என்ற அந்த மருந்தின் பெயர் ஒலியில் நெருக்கம், வேதியியலில் தூரம்.

பட்டையில் வந்ததை, மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவியில் மறுபரிசோதனை செய்யாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஆனால் அந்த வசதியை நம் மாவட்டத் தலைநகரங்களில் தேடிப் பாருங்கள்! சிறுநீர் மாதிரி ஊர் விட்டு ஊர் போய், நாள் கணக்கில் காத்திருந்தபின் முடிவு வரும். அதுவரை அந்த மனிதர் எந்த முகத்தோடு உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார்? போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கவும் பதாகை பிடிக்கவும் நம்மிடம் நாள் இருக்கிறது, பணம் இருக்கிறது. ஒரு நல்ல ஆய்வகத்துக்கு மட்டும் இல்லை.

விமானிகளையும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களையும் முன்னறிவிப்பின்றிச் சோதிக்க 2022 ஜனவரி இறுதியிலிருந்து விதி இருக்கிறது. அலமாரியும் திரைச்சீலையும் விற்கும் நிறுவனத்துக்கு அப்படி எதுவும் இல்லை. சம்மதம் கேட்காமல், உடல்நலப் பரிசோதனை என்று பொய் சொல்லிச் சிறுநீரை வாங்குவது ஏமாற்று. மேலும், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 27-வது பிரிவில் கொகைனைப் பயன்படுத்துவதே குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொகைன் உண்டு என்று சொல்லும் ஒரு முடிவுத் தாளை அந்த முகவரின் பையில் வைத்திருக்க விடுவீர்களா? அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெறுபவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. இந்தப் பிரிவை எந்த முகவரும் உங்களிடம் சொல்ல மாட்டார்.

அடுத்தது அவர் சேர்த்துவிடுவதாகச் சொன்ன மையம். நல்ல மையங்கள் உண்டு, சென்னையிலேயே பல பத்தாண்டுகளாக நேர்மையாக நடப்பவை இருக்கின்றன. ஆனால் தரகர் மூலம் ஆள் பிடிக்கும் மையம் ஒருபோதும் நல்ல மையமாக இருப்பதில்லை. இரவில் வேன் வரும், நான்கு பேர் இறங்குவார்கள், வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போவார்கள். கைப்பேசியைப் பறித்துக்கொண்டு மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்குவார்கள். அங்கே மருத்துவர் இருக்க மாட்டார். முன்பு அங்கே கட்டப்பட்டுக் கிடந்தவர்தான் இப்போது ‘ஆலோசகர்’. இப்படித் தூக்கிச் செல்லப்பட்ட ஒரு மெக்கானிக்கை என்னிடம் கொண்டுவந்தார்கள். தினமும் குடித்தவர். திடீரென்று நிறுத்தி அறையில் பூட்டியதில் மூன்றாம் நாள் வலிப்பு வந்திருக்கிறது. மணிக்கட்டில் கயிற்றுத் தடம் கறுத்துப்போயிருந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்லி இரண்டு கைகளாலும் துடைத்துக்கொண்டே இருந்தார். தினக்குடியை மருத்துவக் கண்காணிப்பில்லாமல் சட்டென்று நிறுத்தினால் உயிரே போகலாம் என்பது அந்த ‘ஆலோசகருக்கு’த் தெரிந்திருக்கவில்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே சொல்கிறது. ஆகவே உள்நோயாளியாக வைத்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். எந்த மனநல மருத்துவர் வருகிறார், எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். உள்ளே இருப்பவர் வீட்டாரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். ‘ஒரே ஊசியில் கொகைன் ஆசை போய்விடும்’ என்பவரிடமும் அதையே செய்யுங்கள். கொகைன் பழக்கத்துக்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. ஆசை எழும் இடங்களையும் நேரங்களையும் கண்டுபிடித்துக் கையாளக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சையும், போதையில்லாத ஒவ்வொரு பரிசோதனைக்கும் சிறு பரிசு தந்து ஊக்கப்படுத்தும் முறையும்தான் பலன் தருகின்றன. மாதக் கணக்கில் ஆகும், ஆனால் மீள்கிறார்கள். இதற்குக் காப்பீடு கிடைக்குமா என்று கேட்பீர்கள். போதைப் பழக்கச் சிகிச்சையை விலக்கிவைக்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நிலையான விலக்குப் பட்டியலில் 12-வது இலக்கமே இருக்கிறது. ஒரு சட்டம் நோய் என்கிறது, இன்னொரு பட்டியல் பணம் தராதே என்கிறது. நடுவில் நோயாளி நகையை அடகு வைக்கிறார்.

சரி, நீங்கள் என்ன செய்யவேண்டும்? நோயைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல. உங்களிடம் இருப்பது வருகைப் பதிவேடு. கடந்த மூன்று மாதத்தை எடுத்துத் தேதியோடு எழுதுங்கள்: வராத திங்கட்கிழமைகள், தாமதமான விலைப்புள்ளிகள், வாடிக்கையாளர் புகார்கள், முன்பணம் வாங்கிய நாட்கள். காதில் போட்ட ஊழியரைத் தனியே கூப்பிட்டு, அவர் கண்ணால் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா என்று மட்டும் கேளுங்கள். கேள்விப்பட்டது என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிறகு அந்த இளைஞரோடு பேசுங்கள். திங்கட்கிழமை வேண்டாம். புதன் அல்லது வியாழன், காலை வேளை, கதவை மூடிய அறை. கொகைன், போதை, பழக்கம் என்ற சொற்கள் உங்கள் வாயில் வரக்கூடாது. அந்தச் சொல் வந்த நொடியில் அவர் மறுக்கத் தொடங்குவார், பேச்சு முடிந்துவிடும். ‘எட்டு வாரத்தில் ஐந்து திங்கட்கிழமை நீங்கள் வரவில்லை. இந்த மூன்று வாடிக்கையாளர்களும் போய்விட்டார்கள். ஆறு வருடமாக உங்களை எனக்குத் தெரியும், இது நீங்கள் இல்லை. ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், செலவு என்னுடையது’ என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை முதலாளிகளால் தாங்க முடிவதில்லை, அறிவுரை சொல்லிக் கெடுத்துவிடுகிறார்கள்.

முதலில் பொது மருத்துவர். தைராய்டு, சர்க்கரை, மூக்கு மூன்றையும் பார்க்கட்டும். அங்கே விடை கிடைக்காவிட்டால் மனநல மருத்துவர். கீழ்ப்பாக்கம் அரசு மனநல நிலையத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் பார்க்கலாம். 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணிலும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் நீங்களே அழைத்து வழி கேட்கலாம். மருத்துவரிடம் நோயின் பெயரைக் கேட்காதீர்கள். வேலைக்குத் தகுதியானவரா, எத்தனை நாள் விடுப்பு தேவை என்பது மட்டும் உங்களுக்குப் போதும். இனி முன்பணம் கையில் கொடுக்க வேண்டாம், மருத்துவமனைக் கட்டணத்தை நேராகக் கட்டிவிடுங்கள். ஆள் முற்றிலும் ஒடுங்கிப்போய், வாழ்வதில் பொருளில்லை என்பதுபோல் பேசினால் அன்றைக்கே வீட்டாரை அழையுங்கள். கொகைனை நிறுத்திய முதல் நாட்களில் மனம் பாதாளத்துக்குப் போகும்.

இவ்வளவும் உங்கள் சந்தேகத்தை வெளியே சொல்லாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் சொல்லித்தான் ஆகவேண்டும். கொகைன் உறிஞ்சிய முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு பல மடங்கு கூடும், 31 வயதுக்காரருக்கும் வரும். மதுவும் சேர்ந்திருந்தால் இதயத்துக்கு இன்னும் கெடுதல். அலுவலகத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், வாயுத் தொல்லை என்று சோடா வாங்கிக் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். கூடவே போய், அவசர சிகிச்சை மருத்துவரைத் தனியே அழைத்து, ‘கொகைன் பயன்படுத்தியிருக்கலாம் என்று சந்தேகம் இருக்கிறது’ என்று சொல்லுங்கள். மாரடைப்புக்கு வழக்கமாகத் தரும் மருந்துகளில் சிலவற்றை அப்போது அவர் தவிர்க்க வேண்டியிருக்கும்.