நடந்த தூரமும் கணக்குதான் – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு வயது 41, கோவையில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று போன வருடம் டாக்டர் சொன்னதும் நடக்க ஆரம்பித்து, அப்புறம் ஓட ஆரம்பித்தேன். வாரத்தில் நான்கு நாள், ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று. டிசம்பரில் கோவை மராத்தானில் 10 கிலோமீட்டர் ஓட ஆசை.

ஓடியதை ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பதிவு ஆப்பில் போடுவேன். அதையே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸிலும் வைப்பேன். "தினமும் குளிக்கிறதையும் ஸ்டேட்டஸ் வைப்பீங்களா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டுவிட்டாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ரன்னிங் குரூப்பில் மூத்தவர் ஒருவரும், "ரேஸ் டைமிங் போடுங்க, சரி. பிராக்டிஸை எதுக்கு ஊருக்குக் காட்டணும்?" என்றார். அதிலிருந்து போடவே கை கூசுகிறது. இது தற்பெருமைதானா? நிறுத்திவிடட்டுமா?

இன்னும் இரண்டு சின்னக் கேள்விகள். நல்ல வாட்ச் எது? ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்று மாமியார் சொல்வது உண்மையா? நேற்றைய ஓட்டத்தின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பின்குறிப்பு: எல்லாவற்றையும் போடுவதில்லை. அதிகமாக நடந்துவிட்ட நாட்களை மறைத்துவிடுவேன். மற்ற நாட்களிலும் நடக்கும்போது வாட்சை நிறுத்திக்கொள்வேன். இல்லாவிட்டால் பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நிமிடம், எட்டைத் தாண்டிவிடுகிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது.

அன்புடன்,
க., கோவை

*

அன்புள்ள க.,

தற்பெருமை இல்லை. நிறுத்த வேண்டாம். நீங்கள் கேட்ட கேள்விக்கு இவ்வளவுதான் என் பதில்.

நாத்தனாரை விடுங்கள். அன்று சிரித்தவர்களில் யாரிடமாவது டாக்டர் நாளைக்கு இதே எல்லைக்கோட்டைப் பற்றிச் சொன்னால், அவர் உங்களிடம்தான் வந்து நிற்பார். அப்போது அன்பாகப் பேசுங்கள். வாட்ச் விஷயத்தில், இப்போது கையில் கட்டியிருப்பதே போதும். முழங்காலைப் பற்றி மாமியாரிடம் இதைச் சொல்லலாம்: பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வந்த தொகுப்பு ஒன்றில், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உங்களைப் போல உடம்புக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு இருந்தது. வலி வந்தால் ஓடாமல் டாக்டரைப் பாருங்கள், அவ்வளவுதான்.

நான் உட்கார்ந்து இதை எழுதுவது உங்கள் பின்குறிப்புக்காக. போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த நாலு வரிதான் சில மாதங்களாக என் மனதில் இருக்கும் விஷயம். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் தினமும் காலையில் பார்க்கிறேன். ஓடிக்கொண்டிருப்பவர் நடைக்கு மாறும்போது கை தானாக மணிக்கட்டுக்குப் போகிறது. ஒரு அழுத்து. மூச்சு சமனானதும் இன்னொரு அழுத்து, மறுபடி ஓட்டம். நல்ல உழைப்பாளிகள், இருட்டில் எழுந்து வந்தவர்கள். தங்கள் உடம்பு செய்த வேலையில் ஒரு பகுதியை ஏன் இப்படி ஒளித்துவைக்கிறார்கள் என்று வேதனையாக இருக்கும்.

என் பெரியப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். ரயில்வே போட்டிகளில் 5000 மீட்டர் ஓடியவர். விடிவதற்கு முன்பே மைதானத்தில் ஓடிவிட்டு, பணிமனைச் சங்கு ஊதுவதற்குள் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார். லீவுக்குப் போகும் பிள்ளைகள் நாங்கள் அவர் களைத்துப்போய்ப் பார்த்ததே இல்லை. பெரியம்மாவின் பால் கணக்கு நோட்டில், பின்பக்கத்திலிருந்து, அவர் தன் ஓட்டத்தை எழுதிவந்தார். முன்பக்கம் அரை லிட்டர், ஒரு லிட்டர், பாக்கி. பின்பக்கம் சுற்றுகள். அவர் போன பிறகு அந்த நோட்டுகள் என்னிடம் வந்துசேர்ந்தன.

"8 சுற்று. நல்ல ஓட்டம்." "6 சுற்று. எதிர்காற்று." "நைட் ஷிஃப்ட். 3 ஓட்டம், 3 நடை." ஒரு நாள் இப்படி: "போகவில்லை. மழையும் இல்லை. மனசில்லை."

கர்ப்பப்பை அறுவை சிகிச்சை முடிந்து, நாற்பதைத் தாண்டிய வயதில் நான் ஓட ஆரம்பித்தபோது, ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைதான் முடிந்தது. மீதியெல்லாம் நடை. கூட ஓடியவர்கள் என்னவெல்லாமோ சொல்லித் தேற்றினார்கள், எதுவும் உள்ளே இறங்கவில்லை. அந்த "3 ஓட்டம், 3 நடை" இறங்கியது. ரயில்வே பனியன் போட்டுப் பந்தயம் ஓடிய மனிதர் நடந்த சுற்றையும் சுற்றாகவே எழுதியிருக்கிறார். அவர் அதை மறைத்து வெறுமனே "6 சுற்று" என்று எழுதியிருந்தால் எனக்கு அந்த நோட்டால் என்ன பிரயோஜனம்? நீங்கள் மறைத்துவைக்கிற ஓட்டம் யாருக்குத் தேவைப்படும் என்று உங்களுக்குத் தெரியாது, க.

இப்போது திட்டப் போகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தை நான் முழுதாகப் பார்த்தேன். ஓடிய நேரம் 35 நிமிடம் என்கிறது. கீழே மொத்த நேரம் 42 நிமிடம் என்றும் இருக்கிறது. இரண்டு சுற்று, 5 கிலோமீட்டர். நீங்கள் ஸ்டேட்டஸில் வைத்த பேஸ் 7. உண்மையான பேஸ் 8 நிமிடம் 24 நொடி. இடையில் காணாமல் போன ஏழு நிமிடத்தில்தான் உங்கள் இதயம் இறங்கி, கால் தேறி, அடுத்த ஓட்டத்துக்குத் தயாராகியிருக்கிறது. அந்த ஏழு நிமிடம் இல்லாமல் அந்த முப்பத்தைந்து நிமிடம் கிடையாது. அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எப்படி உங்கள் கணக்கு என்கிறீர்கள்?

டிசம்பரில் உங்கள் நம்பர் அட்டையில் நேரத்தைக் கணக்கிடும் சிப் இருக்கும். தொடக்கக் கோட்டில் விரிப்பை மிதித்ததும் கணக்கு ஆரம்பிக்கும், முடிவுக் கோட்டு விரிப்பில்தான் நிற்கும். தண்ணீர் குடிக்க நின்றாலும் ஓடும், லேஸ் கட்டக் குனிந்தாலும் ஓடும். 7 பேஸ் என்று நம்பி 70 நிமிடம் கணக்குப் போட்டுக்கொண்டு போவீர்கள். முதல் மூன்று கிலோமீட்டர் கூட்டத்தின் வேகத்தில் போய்விடும். ஆறாவது கிலோமீட்டரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பீர்கள், கைக்கு நிறுத்த எந்தப் பொத்தானும் இருக்காது. உங்கள் இன்றைய நிலைக்கு 10 கிலோமீட்டர் என்பது 84 நிமிடம். ஒரு வருடத்துக்கு முன் நடக்க ஆரம்பித்தவர் 84 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் முடிப்பது அருமையான காரியம். எழுபது என்று நினைத்துப் போய்த் தொண்ணூறில் அழுதுகொண்டு முடிக்க உங்களை யார் கட்டாயப்படுத்துகிறார்கள்?

நடப்பது அசிங்கம் என்பதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்? ஜெஃப் கேலோவே 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடியவர். ஓட்டம், நடை, ஓட்டம் என்று மாற்றி மாற்றிப் போகும் முறையைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, ஓடவே முடியாது என்று நினைத்தவர்களை மராத்தான் முடிக்க வைத்தவர் அவர்தான். அந்த முறையில் மூச்சு முட்டும் வரை ஓடிவிட்டு அப்புறம் நடப்பது கூடாது. முட்டுவதற்கு வெகு முன்னால், முதல் சில நிமிடங்களிலேயே நடைக்கு மாற வேண்டும். மூன்று நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து பாருங்கள். வாட்ச் பாட்டுக்கு ஓடட்டும்.

அப்புறம் அந்த எட்டு. அழகான எண் வர வேண்டும் என்று நீங்கள் ஓடுகிற பகுதியை வேகமாக ஓடுகிறீர்கள். அதனால் மூச்சு முட்டுகிறது, அதனால் நடக்கிறீர்கள், அதனால் மறைக்கிறீர்கள். மெதுவாக ஓட வேண்டிய நாளை மெதுவாக ஓடினால் இதில் பாதி தானாக மறையும். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் பழக்கிய பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். 800 மீட்டர் ஓடுகிற ஸ்னெல்லை ஞாயிற்றுக்கிழமைகளில் மலைச்சாலையில் 35 கிலோமீட்டர் ஓடவிட்டவர் லிடியார்ட். அதே மனிதர் பிறகு ஆக்லாந்தில் மாரடைப்பு வந்தவர்களைக்கூட ஓடவைத்தார். அவர்களுக்கு விதித்தது, பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும் என்பது. 1962 கடைசியில் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே போனார். எழுபதைத் தாண்டிய, மாரடைப்பைக் கண்டு மீண்ட ஒருவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவர் திணறியிருக்கிறார். அந்தப் பெரியவர் அவருக்காக வேகத்தைக் குறைத்து, பேச்சுக்கொடுத்துக்கொண்டே கூட வந்திருக்கிறார். பவர்மன் அந்தப் பழக்கத்தைத் தன் ஊரான யூஜினுக்குக் கொண்டுபோனார். அமெரிக்கா முழுக்க ஜாகிங் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரும் இவர்தான்.

பக்கத்தில் வருகிறவரிடம் நேற்று என்ன சமைத்தீர்கள் என்று முழு வாக்கியமாகச் சொல்ல முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். பேஸ் ஒன்பது வந்தால் வரட்டும். அதையே போடுங்கள். கூடவே ஒரு வரி எழுதுங்கள், ஏனென்றால் எண் எதையும் சொல்லாது. சென்னையில் மே மாதக் காலையில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆவியானால்தான் உடம்பு குளிரும். அது நடக்காதபோது இதயம் காலுக்கு அனுப்புகிற ரத்தத்தில் ஒரு பங்கைத் தோலுக்குத் திருப்பிவிடுகிறது, வேகம் விழுகிறது. ஊட்டியில் ஓடியவரின் ஆறையும் சென்னையில் ஓடியவரின் எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் என்ன தெரிந்துகொள்ள முடியும்? "ராத்திரி சரியாகத் தூங்கவில்லை", "மாதவிடாய் இரண்டாம் நாள்", "காற்றே இல்லை". இப்படி எழுதினால் படிக்கிற இன்னொருத்திக்கு உதவும்.

உங்கள் குரூப் மூத்தவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒருவர் ஹாஃப் மராத்தானை 1 மணி 50 நிமிடத்தில் முடித்தார் என்று தெரிந்து புதிதாக வருகிறவர் எதைக் கற்றுக்கொள்வார்? முந்தைய நான்கு மாதச் செவ்வாய்க்கிழமைகளில் அவர் என்ன செய்தார், எந்த வாரம் காய்ச்சலில் படுத்தார், திரும்பி வந்து எவ்வளவு மெதுவாக ஆரம்பித்தார் என்று தெரிந்தால்தான் எதையாவது எடுத்துக்கொள்ள முடியும். எலியுட் கிப்சோகே 2003-லிருந்து தன் பயிற்சியை நோட்டில் கையால் எழுதிவருகிறார். உலகின் மிகச் சிறந்த மராத்தான் வீரர்களில் ஒருவர் எழுதிவைக்கத் தகுந்தது என்று நினைக்கிற விஷயத்தை, ரேஸ்கோர்ஸில் ஓடுகிற நாம் ஏன் கூச்சத்தோடு மறைக்க வேண்டும்? அதுவும் பெண்கள் விஷயத்தில் இந்த மௌன உபதேசத்தை நான் ஏற்கவே மாட்டேன். பெண்களுக்கான மராத்தான் ஒலிம்பிக்ஸுக்குள் வந்ததே 1984-ல். அதுவரை பெண்களுக்கு அவ்வளவு தூரம் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் தெருக்களில் நாற்பது வயதுக்காரி ஒருத்தி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஓடுவது இன்னும் ஜன்னலைத் திறந்து பார்க்கிற காட்சிதான். டிபன் பாக்ஸ் கட்டுவதற்கு முன் ஓடிவிட்டு வருகிற உங்கள் சாதாரணப் புதன்கிழமையை நாலு பெண்கள் பார்ப்பதில் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் அவர்கள் பார்ப்பது நிறுத்தி நிறுத்திச் சேர்த்த ஏழாக இருந்தால் கெடுதல் உண்டு. எல்லோரும் நடையை மறைக்கும்போது, தான் மட்டும்தான் நடக்கிறோம் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். பலர் திரும்பி வருவதில்லை.

கடைசியாக இன்னொன்று, இதை மட்டும் இன்றே செய்யுங்கள். உங்கள் படத்தை நான் இங்கே வெளியிடவில்லை. வரைபடத்தில் கோடு எந்தத் தெருவில், எந்த வீட்டு வாசலில் ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெளிவாகத் தெரிகிறது. எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, இருட்டில் தனியாக வருகிறீர்கள் என்பதையும் சேர்த்து ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்ட்ராவா 2017 நவம்பரில் தன் பயனர்களின் ஓட்டத் தடங்களை ஒரே வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் அதில் ஆப்கானிஸ்தான், சிரியா ராணுவ முகாம்களின் அமைப்பே தெரிகிறது என்று கண்டுபிடித்தார்கள். சிப்பாய்கள் முகாமைச் சுற்றி ஓடியதை அப்படியே பதிவேற்றியிருந்தார்கள். ராணுவத்துக்கே அந்தக் கதி. ஓட்டத்தைப் பகிருங்கள், வாசலைப் பகிராதீர்கள். ஆப்பின் அமைப்புகளில் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்க வழி இருக்கிறது. உங்கள் பதிவுகளைப் பின்தொடர்பவர்கள் மட்டும் பார்க்கும்படியும் மாற்றலாம். வாட்ஸாப்பில் வைக்கும்போது வரைபடத்தை வெட்டிவிட்டு வையுங்கள்.

இதை முடித்துவிட்டு அடுத்த ஓட்டத்தை நடையோடு சேர்த்து, 42 நிமிடமோ 45 நிமிடமோ, அப்படியே போடுங்கள். முக்கியமாக அந்தக் குரூப்பில் போடுங்கள். "நானும் நடந்துதான் முடிக்கிறேன்" என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா