புது டயர் போட்டதும் கார் ஏன் வேறு மாதிரி ஓடுகிறது?

நான்கு டயரையும் மாற்றிய பிறகு ஸ்டியரிங் மந்தமாக இருக்கிறது, வளைவில் வண்டி மிதக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது கோளாறு இல்லை.

தேய்ந்த டயரில் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள், குட்டையாக இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே திரும்பும். புது டயரில் பட்டன் உயரம் சுமார் 8 மி.மீ. திருப்பும்போது அந்த ரப்பர் முதலில் பக்கவாட்டில் வளைந்துகொடுக்கும், அப்புறம்தான் வண்டி திரும்பும். அந்தச் சின்னத் தாமதம்தான் உங்கள் கைக்குத் தெரிகிறது. தேயத் தேயக் குறைந்துவிடும். ஆனால் டயர் மாடலையே மாற்றியிருந்து, அதன் பக்கச்சுவர் மென்மையானதாக இருந்தால், மிதப்பு ஓரளவு அப்படியேதான் இருக்கும்.

புது ரப்பரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குச் சடன் பிரேக், வேகமான வளைவு வேண்டாம். மழையில் இன்னும் கவனம். காற்றையும் ஒருமுறை பாருங்கள். டயர் கடையில் கூடுதலாக அடித்து அனுப்பிவிடுவது உண்டு. சரியான அளவு டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால், முன்சக்கர இழுவை வண்டியானாலும் புதியதைப் பின்னால் போடுங்கள். இதில் நான் பிடிவாதமாகவே சொல்வேன்: ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் மட்டும் உடனே அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பாருங்கள்.