மறைக்கல்வி வகுப்ப இன்னொரு ஸ்கூல் ஆக்கிடாதீங்க, பிள்ளைகளை கோயிலுக்குள்ள கூட்டிட்டு போங்க

மூணாவது நாலாவது படிக்கற பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது கிறிஸ்தவ விசுவாசப் பாடம் எடுக்க ஃபாதர் சொல்லிட்டார், கையில பாடப்புத்தகம் மட்டும்தான் இருக்கு, பிள்ளைங்க உக்காரவே மாட்டேங்கறாங்க, ஐடியா குடுங்க, மெட்டீரியல் எங்க கிடைக்கும்னு கேட்டிருக்கீங்க. நான் தூத்துக்குடி பக்கம் ஒரு கடற்கரை பங்குல பல வருஷமா புதுநன்மை (முதல் தடவை நற்கருணை வாங்கறதுக்கான) வகுப்பு எடுக்கறேன், அதனால எங்க ஊர்ல நடக்கறத வச்சு சொல்றேன், உங்க பங்குக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

முதல்ல ஒண்ண யோசிங்க. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஸ்கூல், சாயங்காலம் ட்யூஷன், பல பிள்ளைகளுக்கு சனிக்கிழமையும் ஹிந்தி கிளாஸ், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட மறுபடியும் பெஞ்சுல உக்கார வச்சு நோட்ட எடு கேள்வி பதில் எழுதுன்னா எந்த பிள்ளைக்கு பிடிக்கும்? பிள்ளைங்க மேல தப்பே இல்ல. உங்களுக்கு கிடைக்கறது ஒரு மணி நேரம், அதுல பாதியாவது கிளாஸ் ரூம விட்டு வெளிய வாங்கங்கறதுதான் என்னோட முதல் ஐடியா. கிடைக்கற மெட்டீரியல்லயே பெரிய மெட்டீரியல் உங்க கோயில்தான், காசும் வேண்டாம்.

கோயில் வேலைய பாத்துக்கற கோயில்பிள்ளைகிட்ட முன்னாடியே சொல்லி வச்சுட்டு பிள்ளைகள அஞ்சாறு பேரா சக்ரிஸ்டிக்குள்ள, அதாவது பூசை சாமான் வைக்கற அறைக்குள்ள கூட்டிட்டு போங்க. பூசை உடுப்பு இருக்கற பீரோவ திறந்து காட்டுங்க, பச்சை, ஊதா, வெள்ளை, சிவப்பு, அப்புறம் வருஷத்துல ரெண்டே ஞாயிறு மட்டும் போடற ரோஸ் கலர், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலத்துல மூணாவது ஞாயிறும் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல நாலாவது ஞாயிறும். போன வாரம் ஃபாதர் என்ன கலர் போட்டிருந்தார்னு கேளுங்க, ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா அடுத்த வாரத்துல இருந்து எல்லாரும் கவனிப்பாங்க, அதுல இருந்து திருவழிபாட்டு ஆண்டு முழுசையும் சொல்லிக்கொடுத்துடலாம். ஒரு பெரிய சார்ட்ல வட்டம் போட்டு 52 வாரத்துக்கும் கட்டம் பிரிச்சு வாராவாரம் ஒரு பிள்ளை கலர் அடிக்கட்டும். வாசல்ல இருக்கற தீர்த்தத் தொட்டி, ஞானஸ்நானத் தொட்டி, நற்கருணைப் பேழை பக்கத்துல எரியற விளக்கு, சுவத்துல இருக்கற சிலுவைப்பாதை 14 ஸ்தலம் ஒவ்வொண்ணையும் பக்கத்துல நின்னு பாக்க விடுங்க. ஞானஸ்நானத் தொட்டிகிட்ட நின்னு உங்கள்ல எத்தன பேருக்கு இங்க ஞானஸ்நானம் குடுத்தாங்க, அன்னைக்கு யார் உங்கள தூக்கி வச்சிருந்தாங்க, வீட்ல போய் கேட்டுட்டு வாங்கன்னு சொல்லுங்க, அடுத்த வாரம் ஆல்பத்தோட வந்து நிப்பாங்க.

அடுத்தது பைபிள் கதை. புத்தகத்துல சுருக்கி போட்டிருக்கறத வாசிக்காம நேரா நற்செய்தில இருந்தே வாசிங்க, மெதுவா வாசிங்க. லூக்கா 5ஆம் அதிகாரம், ராத்திரி முழுக்க பாடுபட்டும் ஒண்ணும் கிடைக்காம வலைய அலசிட்டு இருக்காங்கல்ல, அத வாசிச்சப்ப எங்க கிளாஸ்ல ஒரு பையன் "டீச்சர், மீன்பாடு இல்லாத அன்னைக்கும் வலைய அலசித்தான் ஆகணும், எங்க அப்பா அன்னைக்கு யார்கிட்டயும் பேச மாட்டாங்க"ன்னு சொன்னான். அப்படிப்பட்ட காலைலதான் இயேசு பேதுருகிட்ட ஆழத்துக்குப் போய் வலைய போடச் சொல்றார்ங்கறது அன்னைக்கு அந்த கிளாஸ்ல எல்லாருக்கும் விளங்கிருச்சு, எனக்கும் அது அவன் சொல்லித்தான் புதுசா விளங்குச்சு. உங்களோடது விவசாய ஊரா இருந்தா விதைப்பவர் உவமை, டவுனா இருந்தா மத்தேயு 20ல வர்ற திராட்சைத் தோட்ட கூலி ஆளுங்க கதை. கடைசியா வந்தவருக்கும் அதே கூலியான்னு பிள்ளைங்க சண்டைக்கே வருவாங்க, விடுங்க, சண்டை போடட்டும், உடனே விளக்கம் சொல்லி அத அணைச்சுடாதீங்க.

மனப்பாடம் வேண்டாம்னு சில பேர் சொல்வாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். பரலோக மந்திரம், மங்கள வார்த்தை, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை இதெல்லாம் வாயில இருக்கணும், பெரியவங்களாகி ஒரு கஷ்டத்துல தானா நாக்குல வர்றது சின்ன வயசுல படிச்சதுதான். 1542ல புனித சவேரியார் நம்ம தூத்துக்குடி பக்க முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தப்ப தமிழ் தெரிஞ்சவங்கள வச்சு இந்த ஜெபங்கள தமிழ்ல ஆக்கி, கையில மணிய அடிச்சுட்டே போய் பிள்ளைகள கூட்டி சொல்லிக்கொடுத்தார், படிச்சத வீட்ல அப்பா அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக்கொடுங்கன்னு அனுப்பினார். 1578ல கொல்லத்துல அச்சான தம்பிரான் வணக்கம் வெறும் 16 பக்க ஞானோபதேசப் (மறைக்கல்வி) புத்தகம், என்ரிக்கே என்ரிக்கஸ் அடிகளார் தமிழ்ல கொண்டுவந்தது, அதோட பக்கம் நெட்ல படமா கிடைக்கும், பிரிண்ட் எடுத்து காட்டுங்க, நம்ம பாட்டன் முப்பாட்டன் படிச்சதத்தான் நாமளும் படிக்கறோம்னு பிள்ளைகளுக்கு அவ்வளவு பெருமை.

சவேரியார் பண்ண அந்த வீட்டுக்கு அனுப்பற வேலைய இன்னைக்கு வாட்ஸப்ல பண்ணலாம். வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி அப்பா அம்மா குரூப்ல போடுங்க, ராத்திரி சாப்பிடும்போது பிள்ளைகிட்ட கேக்கச் சொல்லி. பெரிய பெரிய மெசேஜ் போட்டா யாரும் படிக்க மாட்டாங்க.

புனிதர்கள் கதைல ரெண்டு பேர கண்டிப்பா எடுங்க. ஒருத்தர் தேவசகாயம், 1712ல நட்டாலத்துல பிறந்தவர், 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கினவர், விசுவாசத்த விடாததால 1752 ஜனவரி 14 ஆரல்வாய்மொழி காற்றாடிமலைல சுட்டுக் கொன்னாங்க, 2022ல புனிதர் பட்டம் குடுத்தாங்க. தென் மாவட்டத்துல இருந்தா பஸ்ல கூட்டிட்டு போய் மலையையும் கோட்டாறு சவேரியார் கோயில்ல இருக்கற கல்லறையையும் காட்டலாம், நூறு படம் காட்டறதும் இதுக்கு ஈடு இல்ல. இன்னொருத்தர் கார்லோ அகுதிஸ், ஜீன்ஸ் போட்டு கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதின இத்தாலி பையன், 15 வயசுல 2006ல ரத்தப் புற்றுநோய்ல இறந்தவர், 2025 செப்டம்பர்ல புனிதரானார். பிள்ளைகளுக்கு இவர் ஒரு அண்ணன் மாதிரி தெரியறார்.

பாவசங்கீர்த்தனத்துக்கு (ஃபாதர்கிட்ட பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்கறதுக்கு) தயார் பண்றப்ப தயவுசெஞ்சு நரகம் பேய்னு பயம் காட்டாதீங்க. லூக்கா 15ல வீட்ட விட்டுப் போய் திரும்பி வர்ற மகன ஓடி வந்து கட்டிப்பிடிக்கற அப்பாவ காட்டுங்க. பாவப் பட்டியல அச்சடிச்சு குடுத்து டிக் போட வைக்கற பழக்கத்த நான் நிறுத்தச் சொல்வேன், பிள்ளைங்க தான் செய்யாததையும் சேத்து ஒப்பிக்கறாங்க. ஃபாதர்கிட்ட கேட்டு முன்னாடியே ஒரு நாள் அந்த இடத்த காட்டி எங்க முழங்கால் போடணும், என்ன சொல்லணும்னு பழக்கிட்டா பாதி நடுக்கம் போயிரும்.

இனி நீங்க கேட்ட மெட்டீரியல். பாடப்புத்தகமும் ஆசிரியர் கையேடும் உங்க மறைமாவட்ட மறைக்கல்வி பணிக்குழுல கேளுங்க, திண்டிவனத்துல தமிழக ஆயர் பேரவையோட விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நடுநிலையம் இருக்கு, அங்க ஆசிரியர்களுக்கு பயிற்சியும் உண்டு. பைபிளுக்கு 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு, மொபைல்லயும் கிடைக்குது. இங்கிலீஷ் வாசிக்கற பிள்ளைங்க இருந்தா யூகேட் ஃபார் கிட்ஸ்ங்கற மறைக்கல்விப் புத்தகம் படத்தோட நல்லா இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் ஆழமா பண்ணணும்னா நல்லாயன் மறைக்கல்வி முறைய தேடிப் பாருங்க, 1954ல ரோம்ல சோஃபியா கவலெத்தியும் ஜான்னா கோபியும் மாண்டிசோரி வழில ஆரம்பிச்சது, மரத்துல சின்ன பீடம், ஆட்டுக்குட்டி, ஆயன் பொம்மைன்னு பிள்ளையே கையால எடுத்து வச்சு அமைதியா கத்துக்கறது. அந்த செட்ட வாங்க வேண்டாம், எங்க பங்குல ஒரு தச்சர் அண்ணன் மீதிக் கட்டைல செஞ்சு குடுத்துட்டார்.

வீடியோ போட்டா பத்து நிமிஷத்துக்கு மேல போடாதீங்க. வினாடி வினா, பரிசு எல்லாம் வைங்க, ஆனா வருஷா வருஷம் அதே மூணு பிள்ளைங்க மேடை ஏறுற மாதிரி வைக்காதீங்க, மத்தவங்க மெல்ல மெல்ல நின்னுருவாங்க, நிக்கறது பெரும்பாலும் வீட்ல சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைங்கதான், நமக்கு முக்கியமானவங்களே அவங்கதான். அடிக்கறது, முட்டி போட வைக்கறது வேண்டவே வேண்டாம். வகுப்புல எப்பவும் பெரியவங்க ரெண்டு பேர் இருங்க, கதவு திறந்தே இருக்கட்டும், தனியா ஒரு பிள்ளையோட எந்த அறைலயும் இருக்காதீங்க, ஃபோட்டோ எடுத்தா பெத்தவங்கள கேட்டுட்டு போடுங்க.

முதல் ஞாயிறுக்கு என்ன பண்ணலாம்னா ஜெபமாலை கட்டுங்க. தடிச்ச நைலான் நூல், ஆளுக்கு 59 மணி, ஒரு சிலுவை போதும், அம்பத்திமூணு மங்கள வார்த்தைக்கு (அருள் நிறைந்த மரியே), ஆறு பரலோக மந்திரத்துக்கு. கோக்கறதுக்குள்ள ஒரு மணி நேரம் போயிரும், மணிய எண்ணிட்டே ஜெபமும் பழகிருவாங்க, எல்லாரோட பேரும் உங்களுக்கு பழகிரும். முடிச்சு போடத் தெரியாத பிள்ளைகளுக்கு உதவ ஒரு பாட்டிய அன்பியத்துல (பங்குல அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க கூடற சின்னக் குழு) இருந்து கூப்பிட்டுக்கோங்க, மெழுகுவர்த்தில நூல் நுனிய சுட்டு ஒட்டற வேலைய மட்டும் நீங்களே பண்ணுங்க.