ஏழு பேரா, பத்துப் பேரா?

கேள்வி: திருப்பூரில் மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பனியன் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். பவர் டேபிள் டெய்லர்கள் ஏழு பேர், பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில் தைக்கிறார்கள். கைமடிக்கும் செக்கிங்குக்கும் மூன்று பெண்களைக் காண்டிராக்டர் ஒருவர் அனுப்புகிறார். மாலையில் என் மனைவியும் வந்து பேக்கிங் பார்ப்பார். என்னிடம் ஏழு பேர்தானே இருக்கிறார்கள்? ஆனால் ஆடிட்டர் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எடுத்தே ஆகவேண்டும் என்கிறார். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கூட வேண்டுமா?

பதில்: ஆடிட்டர் சொல்வதுதான் சரி. காண்டிராக்டர் மூலம் வந்தாலும், உங்கள் யூனிட்டில் உங்கள் வேலையைச் செய்பவர்கள் உங்கள் கணக்கில்தான் சேர்வார்கள். ஆகவே ஏழும் மூன்றும் பத்து, இ.எஸ்.ஐ.க்கான வரம்பும் அதுவே. பீஸ் ரேட் என்பது கூலியைக் கணக்கிடும் முறை மட்டுமே. அதனால் டெய்லர் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. சம்பளம் வாங்காமல் கைகொடுக்கும் மனைவி கணக்கில் வரமாட்டார். வருமான வரிக்காக மனைவி பெயரில் சம்பளம் எழுதிவிட்டு, ஆள் எண்ணும்போது மட்டும் அவரை மறந்துவிடுகிறவர்களும் உண்டு, அது செல்லாது.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவர்களுக்கு நிறுவனம் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்த வேண்டும். 12,000 ரூபாய் வாங்கும் செக்கிங் பெண்ணுக்கு உங்கள் பங்கு 390, அவரிடம் பிடிப்பது 90. இரண்டையும் சேர்த்து அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். காண்டிராக்டர் கட்டிக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் கட்டாவிட்டால் பொறுப்பு உங்களையே சேரும், கட்டிய தொகையை அவருடைய பில்லில் கழித்துக்கொள்ளலாம். இதை வெறும் செலவாக நான் பார்க்கவில்லை. டெய்லரின் விரலில் ஊசி ஏறினால், பதிவு இருக்கும்போது மருத்துவமும் இழப்பீடும் இ.எஸ்.ஐ.யின் பொறுப்பு, பதிவு இல்லையென்றால் இரண்டும் உங்கள் பணத்திலிருந்து போகும்.

பி.எஃப். இருபது பேருக்குத்தான் கட்டாயம். இப்போது வேண்டாம், விரும்பினால் சேரலாம். சீசனில் ஆள் கூட்டும்போது கவனம் தேவை: வரம்பைத் தொட்டுவிட்டால், பிறகு ஆட்கள் குறைந்தாலும் கட்டாயம் தொடரும். இது இ.எஸ்.ஐ.க்கும் பொருந்தும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். வாரக் கூலியை விடுமுறைக்கு முந்தைய வேலைநாளிலேயே கொடுத்துவிட வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. சனிக்கிழமைச் சம்பளம் போடும் திருப்பூருக்கு இது புதிதல்ல. ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் கட்டாயம் என்பதால், தமிழ்நாடு தொழிலாளர் நல நிதிக்கும் ஆண்டுதோறும் ஜனவரி 31க்குள் பணம் கட்ட வேண்டும்.

இ.எஸ்.ஐ. பதிவை மத்திய அரசின் ஷ்ரம் சுவிதா இணையதளத்தில் கட்டணமின்றிச் செய்யலாம். அதற்கு முன், அந்த மூன்று பெண்களின் பெயர்களும் இன்றைய வருகைப் பதிவேட்டில் ஏறட்டும்.