மீன் மிதக்கவில்லை என்றால் கேடில்லையா?

கேள்வி: சேருவிலப் பக்கம் நிலத்துக்குள் செம்பும் இரும்பும் கிடக்கின்றன. தோண்டினால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். அதற்குள் குளத்து மீன், ஆற்று மீன் எல்லாம் கெட்டுவிடும் என்று சிலர் கத்துகிறார்கள். புல்மோட்டையில் இத்தனை காலமாக இல்மனைட் எடுக்கிறார்கள். எந்த மீன் செத்து மிதந்தது?
- வாசகர், மூதூர்

பதில்: வேலை வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் பிழையே இல்லை. ஆனால் அதற்குப் புல்மோட்டையைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அங்கே அள்ளுவது கடற்கரை மணல். அந்த மணலிலுள்ள இல்மனைட், ரூட்டைல் என்ற கனிமங்கள் தண்ணீரில் இலேசில் கரையாதவை. அங்குள்ள சிக்கல்கள் வேறு. சேருவிலவில் 1971இல் கண்டறியப்பட்ட செம்போ கந்தகத்தோடு சேர்ந்து பாறைக்குள் இருக்கிறது. அந்தப் பாறையை உடைத்து வெளியே குவித்தால், காற்றும் மழையும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகும். கல்லில் இருக்கும் உலோகங்களை அது கரைத்து வெளியே கொண்டுவரும். இப்படிப்பட்ட சுரங்கங்கள் பலவற்றில், வேலை முடிந்து ஆட்கள் போன பிறகும் பல பத்தாண்டுகளாக இந்த நீர் வடிந்துகொண்டே இருக்கிறது.

சரி, மீனுக்கு வருவோம். சந்தையில் மீனின் பூவை (செவுளை) தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோமே, நன்னீர் மீனுக்கு அது மூச்சுவிட மட்டும் அல்ல. அதன் உடம்பிலுள்ள உப்பு ஓயாமல் தண்ணீருக்குப் போய்க்கொண்டே இருக்கும். பூ வழியாகத்தான் அது திரும்ப இழுத்துக்கொள்கிறது. செம்பு அந்த வழியை அடைக்கிறது. கட்மியம், நாகம் (துத்தநாகம்) என்ற உலோகங்கள் கல்சியம் போகும் வழியை அடைக்கின்றன. கல்சியம் கூடிய வன்னீரில் இந்த நஞ்சின் வேகம் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் அமில நீர் வந்து கலந்தால் அந்தக் காப்பும் போய்விடும்.

மீன் சாகாமல் இருப்பதைத்தான் நீங்கள் ஆறுதலாகச் சொல்கிறீர்கள். எனக்கு அச்சம் தருவதே அதுதான். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத செம்பு, சல்மன் மீன் குஞ்சின் மோப்பத்தைச் சில மணி நேரத்தில் மழுங்கடித்துவிடுவதை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு மீன் கடிபட்டால் அதன் தோலிலிருந்து கசியும் வாசனைதான் மற்றக் குஞ்சுகளுக்கு எச்சரிக்கை. மோப்பம் போன குஞ்சு அசையாமல் பதுங்குவதில்லை. பெரிய மீனின் வாய்க்குள் போய்விடுகிறது. அப்படிப் போன குஞ்சு எங்கே மிதக்கும்? நாலைந்து வருடம் கழித்து வலையில் மீன் குறையும். அதற்குள் யாரைப் போய்க் கேட்பீர்கள்?

இரும்புச் சுரங்கம்தானே என்றும் இருக்க முடியாது. 2015 நவம்பரில் பிரேசிலின் மரியானாவில் இரும்புச் சுரங்கம் ஒன்றின் கழிவுச் சேற்றைத் தேக்கிவைத்த கழிவு அணை உடைந்தது. 19 பேர் இறந்தார்கள். சேறு டோசே ஆற்றோடு 600 கிலோமீற்றருக்கு மேல் ஓடி அதே மாதம் கடலில் விழுந்தது. அப்புறம் மீன்பிடிக்கும் தடை வந்தது. நம்மிடத்தில் மாரியில் மாவலி பெருகினால் வெருகலும் சேருவிலவும் என்ன பாடு படுகின்றன என்பது மூதூரில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா? கழிவு அணையை எந்த மேட்டில் கட்டுவார்கள் என்று வேலை தருவதாகச் சொல்பவரிடம் முதலில் கேளுங்கள்.

கழுவிச் சமைத்தால் போய்விடும் என்றும் நம்ப வேண்டாம். உலோகம் நெருப்பில் அழிவதில்லை. அதனால் முதல் குழி தோண்டுவதற்கு முன்பே ஆற்று நீரையும் குளத்துச் சேற்றையும் மீனையும் அளந்து, அந்தக் கணக்கை ஊரில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொல்லுங்கள். பின்னால் கேடு வந்தால் ஒப்பிட்டுக் காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும். மீனைச் சோதிக்கும்போது தசையை மட்டும் வெட்டி அனுப்ப விடாதீர்கள். கட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் கூடுதலாகச் சேரும், ஈயம் எலும்பிலும் தங்கும். தசையை மட்டும் பார்த்தால் அறிக்கை சுத்தமாகவே வரக்கூடும்.