ஆட்டின் காதடியில் கட்டி: நீங்களே கீறாதீர்கள்

காதுக்குக் கீழே கெட்டியான கட்டி, ஆன்டிபயாடிக் போட்டும் வற்றவில்லை, ஆனால் ஆடு நன்றாக மேய்கிறது என்கிறீர்கள். நிணநீர்க் கணுவில் சீழ் பிடிக்கும் கேசியஸ் லிம்ஃபடினைடிஸாக இருக்கலாம். கட்டியைச் சுற்றித் தடித்த உறை இருப்பதால் மருந்து உள்ளே சரியாகப் போகாது. கொட்டிலில் வைத்துக் கீறிவிடாதீர்கள். அந்தச் சீழ்தான் நோயைப் பரப்பும். கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆட்டை இன்றே தனியாகக் கட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சீழைச் சோதித்தால் உறுதியாகும். அவர் கீறியதும் சீழ், பஞ்சு எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். கையுறை கட்டாயம், அபூர்வமாக மனிதருக்கும் தொற்றும். புண் ஆறும்வரை மந்தையில் சேர்க்க வேண்டாம். கட்டி திரும்பத் திரும்ப வந்தாலோ ஆடு மெலிந்துகொண்டே போனாலோ அதை மந்தையிலிருந்து கழித்துவிடுவதுதான் நல்லது என்பேன். அப்புறம், தாடைக்கடியில் மெத்தென்று நீர் கோத்த வீக்கம் என்றால் கதையே வேறு, குடற்புழு இருக்கிறதா என்று பாருங்கள்.